சென்னியப்பன் தினமும் பாட்டுக் கேட்கிறார்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். பாலக்காட்டுக் காற்று. கொடியில் போட்ட வேட்டி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ராமசாமியின் ஸ்கூட்டர் மேல். இந்த டைரி மூன்று வருடம் பழையது, கிழமையை அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கிறது.

நடந்ததெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். நித்யா பெரிய கம்பெனியில் ரொம்ப நாள் உட்காரமாட்டாள், சொந்தத் தொழில் என்று கிளம்புவாள், யோசனை கேட்க இந்தத் தங்கவேல் மாமனிடம்தான் வருவாள் என்று அவள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே ஈரோட்டில் அக்காவிடம் சொன்னேன். அக்காவைக் கேட்டால் நினைவில்லை என்பாள். பெற்றவளுக்கு நினைவிருக்காது, தாய்மாமனுக்குத்தான் இருக்கும்.

வந்துவிட்டாள். நேற்று சரவணம்பட்டி ஹாஸ்டலிலிருந்து இரண்டு பஸ் மாறி போத்தனூரில் என் வீட்டுக்கு. இனி இந்த டைரியில் அவள் நி.

நி.யின் யோசனை: பாட்டுச் செயலி. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு. தேட வேண்டாம், எழுத வேண்டாம், ஒரே பொத்தான். அமுக்கினால் பாடும். எந்தப் பாட்டைத் தள்ளுகிறோம், எதை முழுசாகக் கேட்கிறோம், எந்த நேரத்தில் கேட்கிறோம், எல்லாவற்றையும் அதுவே கவனித்து அடுத்தடுத்த பாட்டை வரிசை கட்டிக்கொள்ளும். நாம் இதுவரை கேட்டே இராத பாட்டையும் இவருக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடித்துக் கொடுக்கும். என் மனதில் பல வருடமாக இருந்த யோசனைதான். கோடிங் தெரியாததால் விட்டுவைத்திருந்தேன்.

சிக்கல்: பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வருகிறாளா இல்லையா என்று 20ஆம் தேதி வெள்ளி காலை பத்து மணிக்குள் பதில் போக வேண்டும். செயலி தேறும் என்றால் அவர்களுக்கு இல்லை என்று எழுதிவிட்டு இங்கேயே ஆரம்பிப்பாள். தேறாது என்றால் பெங்களூர்.

“ஏனுங்க மாமா, உங்க மாடி ரூமு சும்மாதானுங்க கெடக்குது? தேறுச்சுன்னா அங்கயே ஒரு டேபிளப் போட்டுக்கட்டுங்களா?”

“உனக்குன்னுதான் கண்ணு சும்மா போட்டு வெச்சிருக்கறேன்.”

சும்மா இல்லை. இன்று இறக்கியவை: பழைய மோட்டார் காயில் கம்பி ஒரு மூட்டை. என் சம்சாரம் கமலத்தின் ஊறுகாய் ஜாடி ஏழு. உடைந்த தொட்டில். ஒரு கால் இல்லாத கட்டில். கமலத்தின் ஒற்றைச் செருப்பு (மற்றது ஓசூரில் இருக்கும்). மாடி இப்போது பளிச்.

கமலம் மகன் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று ஓசூர் போனாள். ஒன்றரை வருடம் ஆகிறது.

தேறுமா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னுடையது. ஐம்பது தாண்டிய இருபது பேரைப் பார்த்துப் பேச வேண்டும். சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறாள். முப்பது வருடம் பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டிய காது இது. ஒரு தடவை ஓடுகிற ரயிலிலிருந்தே தூரத்துக் கிணற்று மோட்டார் சத்தத்தைக் கேட்டுப் பேரிங் போயிருக்கிறது என்று சொன்னேன். இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. சரியாகத்தான் இருந்திருக்கும்.

நி. எழுதிக் கொடுத்த கேள்விகள்:
1. நேற்று பாட்டுக் கேட்டீர்களா?
2. எதில்?
3. போட்டது யார்?
4. கடைசியாக ஒரு புதுப் பாட்டு எப்போது பிடித்தது? அது எப்படிக் கிடைத்தது?

கீழே சிவப்பில், இரண்டு கோடு போட்டு: செயலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நன்றாக இருக்கிறதா என்று கேட்கவே கூடாது.

சின்னப் பெண். வியாபாரம் தெரியாது.


ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை, காற்று மட்டும். சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதவில்லை.

முதலில் ஸ்டேஷன் ரோட்டு முடிதிருத்தும் கடை. முடி போன வாரம்தான் வெட்டினேன், பேச்சுக்காக ஷேவிங். கடைக்காரர் எஃப்.எம். வைத்திருக்கிறார், காலை ஏழிலிருந்து.

“பாட்டுக்காக வெக்கலீங்ணா. எடையில எடையில அந்தப் பையன் பேசறானல்லங்க, அதுக்குத்தான். ஆளு இல்லாதப்ப கடை வெறிச்சுன்னு இருக்குமல்லங்க.”

எங்கள் அக்கா மகள் ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள் என்று எடுத்துச் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

“நெம்ப நல்லாருக்குங்ணா.”

எழுதிக்கொண்டேன்: 1, ந. (ந. என்றால் நன்றாக இருக்கிறது.)

பிறகு உக்கடம் பஸ் ஸ்டாண்ட். பொள்ளாச்சி போகும் தனியார் பஸ் டிரைவர் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார். அவர் பஸ்ஸில் எட்டு ஸ்பீக்கர்.

“பாட்டு நானெங்கீங்க போடறேன்? சனம் போடுது. ஏறுனதுமே, டிரைவரண்ணா அதை மாத்துங்க, இதை வைங்கங்கறாங்க. டிக்கெட்டு கூட அப்பறந்தானுங்க எடுக்கறாங்க.”

“தானா மாத்துற மாதிரி ஒண்ணு வந்தா?”

“அதுவும் நல்லாத்தானுங்க இருக்கும். வண்டி எடுத்தர்லாங்களா?”

2, ந.

எஸ்தர் அக்கா, தையல் கடை. எந்நேரமும் கர்த்தர் பாட்டு, ஃபோனை ஊசி டப்பாவுக்குச் சாய்த்து வைத்து. புதுப் பாட்டு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமை கொயர்ல சொல்லிக்குடுப்பாங்க தம்பி. எந்தொண்டை கொரகொரன்னு இருந்தாலும் கடைசி வரிசைல நிக்க வெச்சுக்குவாங்க.”

“இனி கொயருக்குப் போகாமயே புதுப் பாட்டு வரும்ங்க அக்கா.”

மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, “நல்லதுதாந் தம்பி” என்றார். 3, ந.

மாலைக்குள் பதினொன்று. பதினொன்றும் ந. நி.க்கு ஃபோனில் பதினைந்து என்று சொன்னேன். நாளைக்கு எப்படியும் ஆகிவிடும்.


ஜூன் 11, புதன்

மேகம். முழங்கால் வலி. மோர்க்குழம்பு வைத்தேன், திரிந்துவிட்டது. ரசம் என்று நினைத்துச் சாப்பிட்டேன்.

இன்று சோமனூர் வரை போனேன். தறிக்காரர் ஒருவர், தறிச் சத்தத்தில் நான் கேட்டது அவருக்கும் அவர் சொன்னது எனக்கும் விழவில்லை. தலையை ஆட்டினார். ந.

இருபது முடிந்தது. இருபதுக்கு இருபது. பெரிய கம்பெனிக்காரர்கள் கூட இப்படி ஒரு மார்க் பார்த்திருக்கமாட்டார்கள்.

செயலிக்குப் பெயர் யோசித்தேன்: கொங்குக் குயில். காதுக்கு இனியன். மாமன் எஃப்.எம். கடைசிதான் எடுப்பு.

மாலை ஏழுக்கு கமலம் கூப்பிட்டாள். எப்போதும் ஏழுக்குக் கூப்பிடுவாள். குழந்தைக்குப் பால் காய்கிற நேரம்.

“ஏனுங்க, சாப்புட்டீங்களா?”

“ஆச்சு. மூணு வகை.”

“யாருங்க செஞ்சது?”

“நான்தான். நித்யாவோட தொழிலு என் தலைலதான் ஓடுது கமலம். நிக்க நேரமில்லை. ஊட்டுல ஆளு வந்துட்டும் போயிட்டும்…”

“சித்த இருங்க, பால் பொங்குது.”

இருந்தேன். வைத்துவிட்டாள்.


ஜூன் 12, வியாழன்

நி. அரை நாள் லீவு போட்டு வந்தாள். நோட்டை நீட்டினேன். நின்றுகொண்டே படித்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து படித்தாள். முகம் மலரவில்லை.

“மாமா, நீங்க செயலியப் பத்திச் சொன்னீங்களா?”

“லேசா.”

“நல்லாருக்குதான்னு கேட்டீங்களா?”

“நான் கேக்கல கண்ணு. அவிகளாச் சொன்னாங்க.”

“நம்மூர்ல யாராச்சும் மூஞ்சிக்கு நேரா நல்லால்லைன்னு சொல்லுவாங்களாங்க மாமா?”

சொல்வார்கள் என்றேன். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன். யாருக்கு என்று கேட்டாள். டீ குடிக்கிறாயா கண்ணு என்றேன்.

அவளே சமையலறைக்குப் போனாள். டீ போட்டாள். ஜன்னல் வழியாக ராமசாமியைக் கூப்பிட்டாள். “ஏனுங்க சித்தப்பா, ஒரு வாய் டீ சாப்புட்டுப் போங்க.”

ராமசாமி வந்து உட்கார்ந்தான். ஒரு மடக்கு. கண் லேசாக விரிந்தது. இன்னொரு மடக்கு.

“எப்படீங்க இருக்குது?”

“அருமைங்க அம்மணி. கமலம் அக்கா கை மணம் அப்பிடியே இருக்குது.”

முழுசாகக் குடித்தான். டம்ளரைக் கழுவியும் வைத்தான்.

“இன்னொரு டம்ளர் ஊத்தட்டுங்களா?”

“ஐயோ, வேண்டாமுங்க. இப்பத்தான் ஊட்டுல குடிச்சுப்போட்டு வந்தேன். சோலி கெடக்குது, வாரேனுங்க.”

அவன் போனதும் மிச்சத்தை என்னிடம் கொடுத்தாள். சர்க்கரைக்குப் பதில் உப்பு. மூன்று கரண்டியாவது இருக்கும்.

“இதுதானுங்க உங்க நோட்டு” என்றாள். “சொன்னதப் பாக்கக் கூடாதுங்க மாமா. ரெண்டாவது டம்ளர் கேட்டாங்களான்னு பாக்கோணும்.”

சிரித்தோம். வாய் விட்டு. இந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கத் தோன்றியது. பார்க்கவில்லை.

அப்புறம் நோட்டை மறுபடி புரட்டினாள். முடிதிருத்துபவர், டிரைவர், எஸ்தர் அக்கா என்று விரல் வைத்துக்கொண்டே போனாள். “இவங்களுக்கெல்லாம் பாட்டை யாரோ ஒருத்தர் கொண்டாந்து குடுக்கறாங்க. இவங்களுக்கு நம்ம செயலி எதுக்குங்க?” என்று தனக்குத்தானே சொன்னாள். குரல் இறங்கியிருந்தது. பெங்களூர்க் குரல்.

கடைசியாக ஒரு சோதனை. பத்துப் பேர் ஃபோனில் செயலியைப் போட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு நான் அவர்களிடம் எதுவும் பேசக் கூடாது. அவர்களாக மறுநாள், அதற்கு மறுநாள் பொத்தானை அமுக்குகிறார்களா என்று அவள் கணினியில் தெரிந்துவிடும். ஃபோன் சும்மா ஓடிக்கொண்டிருந்தால் கணக்கில் வராது. மணிக்கு ஒரு தடவை பாட்டை நிறுத்தி “கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?” என்று நி.யின் குரலிலேயே கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால்தான் தொடரும்.

“ஒரே ஒருத்தர் நெசமாக் கேட்டாக்கூடப் போதுமுங்க மாமா. ஒருத்தரும் இல்லைன்னா நான் கௌம்பறேன்.”


ஜூன் 13, வெள்ளி

வெயிலும் தூறலும் ஒன்றாக. நரிக்குக் கல்யாணம்.

ஒன்பது ஃபோனில் போட்டாயிற்று. முடிதிருத்துபவர், எஸ்தர் அக்கா, டிரைவர், ராமசாமி (என் வீட்டில் டீ குடிக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு), டீக்கடை, பூக்காரம்மா, ரேஷன் கடை, ரயில்வே ரிட்டையர்டு இரண்டு பேர். எல்லோரும் என் எதிரில் ஒரு தடவை அமுக்கிக் காட்டினார்கள்.

பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. இரண்டு பேர் ஃபோன் நிறைந்துவிட்டது என்றார்கள். ஒருவர் மகள் திட்டுவாள் என்றார்.


ஜூன் 14, சனி

பத்தாவது ஆள் கிடைத்தார்! உடுமலைப்பேட்டை.

காலை பஸ். வழியெல்லாம் காற்றாலைக் காற்றாடி. உடுமலையில் இறங்கித் தேங்காய்க் களத்துப் பக்கம் நடந்தேன். சென்னியப்பன், வயது அறுபத்திரண்டு, தேங்காய் வியாபாரம். களத்தில் ஒரு லாரி தேங்காய். என்னைப் பார்த்ததுமே, நீங்க காயில் கட்டுற தங்கவேலண்ணன்தானே என்று அடையாளம் கண்டுகொண்டார். அவர் தோட்டத்து மோட்டாரை நான் சரிசெய்திருக்கிறேனாம், இருபது வருடமாக நிற்காமல் ஓடுகிறதாம். இளநீர் மூன்று வெட்டினார். செயலியைப் போட்டுக் கொடுத்ததும் கண்ணில் தண்ணீர். கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நி.க்கு ஃபோன் செய்து பத்தும் முடிந்தது என்றேன். “உடுமலை வரைக்குமாங்க போனீங்க? இந்த முட்டியோடயா?” என்றாள். அப்படிக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.


ஜூன் 16, திங்கள்

தூறல். நேற்று எழுதவில்லை, வேலை அதிகம்.

நி. ஃபோன். நேற்று அமுக்கியவர்கள் மூன்று பேர். இன்று மதியம் மூன்று மணி வரை ஒன்று.

“அந்த ஒண்ணு யாரு?”

“உங்க உடுமலைக்காரருங்க மாமா. நேத்து ரெண்டு மணிக்குப் போட்டவரு ஆறு மணி வரைக்கும் கேட்டிருக்காரு. மணிக்கொருக்கா ஆமாம், ஆமாம்னு அமுக்கிட்டே இருந்திருக்காரு!”

சொன்னேனல்லவா என்றேன். நல்ல மனிதர் என்றேன்.

ராமசாமியை வாசலில் பார்த்தேன். “செயலி நெம்ப நல்லாருக்குதுங்ணா, தெனமும் கேக்கறேன்” என்றான். பாவம், கணினிக்கு மரியாதை தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது.

மாலை ஏழு. ராமசாமி வீட்டு டி.வி. அலறுகிறது. கமலம்.

“ஏனுங்க, பின்னால யாரோ பேசறாப்புல கேக்குது? ஒறம்பரை, விருந்தாளி யாராச்சும் வந்திருக்காங்களா?”

“ஆமா, ஆளுங்க வந்திருக்காங்க.”

“யாருங்க?”

“தொழில் ஆளுங்க. உனக்குத் தெரியாது.”

“அப்ப பேசிட்டிருங்க. நாளைக்குக் கூப்புடறேன்.”

ஆனி முடியட்டும், வருகிறேன் என்று போன வாரம் சொன்னாள். இன்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள். நானே ஆள் இருக்கிறது என்று சொன்னதால்.


ஜூன் 17, செவ்வாய்

காற்று பலம். முருங்கைக் கிளை முறிந்தது. கீரை ராமசாமி வீட்டுக்கு.

ஒன்பது பேரும் விட்டுவிட்டார்கள். சென்னியப்பன் இன்றும் இரண்டிலிருந்து ஆறு வரை.


ஜூன் 18, புதன்

நி. கம்பெனி முடிந்ததும் நேராக வந்தாள், மடிக்கணினியோடு. திறந்து காட்டினாள். பத்துக் கோடுகள். ஒன்பது கோடும் படுத்துக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் தினமும் எழுந்து நிற்கிறது.

“பாத்தீங்களா மாமா? ரெண்டாவது டம்ளர் கேட்டிருக்காரு! மூணாவது, நாலாவதும் கேட்டிருக்காரு!”

மாடிக்குப் போய் மேசை எங்கே போடலாம் என்று காலால் அளந்தாள். ஜன்னலோரம். ரயில் தெரியும். பிளக் பாயிண்ட் வேண்டும், அதை நான் போட்டுத் தருகிறேன் என்றேன். மதியச் சாப்பாடு இங்கேயே, தினமும் இரண்டு பேருக்கு ஆக்குவது ஒன்றும் கஷ்டமில்லை என்றேன். நீங்க வெச்ச மோர்க்குழம்பச் சாப்புட்டா நான் பெங்களூருக்கே ஓடிப்போயிருவேனுங்க என்றாள். நானும் சிரித்தேன்.

பிறகு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “அவரு எப்படிப்பட்ட ஆளுங்க மாமா? சொல்லுங்க.”

மூன்று லாரித் தேங்காய் என்றேன்.

“தேங்காய் இருக்கட்டும். ஊட்டுல யாரு இருக்காங்க?”

யோசிக்காமலே வந்தது. யாரும் இல்லை. சம்சாரம் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறது. வருகிறேன் வருகிறேன் என்கிறது. காலையில் ஏதாவது வேலை இருக்கும், ரேஷன், கரண்டு பில், துணி. மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வீடு பெரிதாகிவிடும். கதவு சாத்தினால் சாத்திய சத்தம் கொஞ்ச நேரம் இருக்கும். ஆறு மணிக்கு டீக்கடையில் ஆள் சேர்வார்கள், அதுவரைக்கும்தான். ஏழு மணிக்கு ஃபோன் வரும்.

நி. எழுதிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. “இவ்வளவு உங்ககிட்டச் சொன்னாருங்களா?” என்றாள்.

“மனசு விட்டுச் சொன்னாரு.”

“பாட்டுக் கொண்டாந்து குடுக்க யாருமே இல்லாத ஆளு. இவருக்குத்தானுங்க மாமா இது. இவரு மாதிரி எத்தன பேரு இருப்பாங்க!”

இருப்பார்கள் என்றேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். முட்டைப் பொரியல், தயிர். தட்டு இரண்டு கழுவினேன்.


ஜூன் 19, வியாழன்

மழை. நல்ல மழை.

காலை எட்டுக்கு நி. ஃபோன். இன்று லீவு போட்டுவிட்டாளாம். உடுமலை போய் சென்னியப்பனை நேரில் பார்க்க வேண்டுமாம், பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை.

அவர் ஊரில் இல்லை என்றேன். கேரளாவுக்கு லோடு போயிருக்கிறார்.

“நேத்து மத்தியானம் ஊட்டுல பாட்டுக் கேட்டிருக்காருங்களே?”

காலையில்தான் கிளம்பினார் என்றேன்.

“அப்ப ஃபோன்ல பேசறனுங்க. நம்பர் குடுங்க.”

காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது, பேசமுடியாது என்றேன். லோடோடு போனவருக்கு எப்படிக் காய்ச்சல் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

“சரிங்க மாமா. சங்கோஜப்படறாராட்ட இருக்குது. நீங்க பாத்தீங்கல்ல, அது போதும். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வரலைன்னு எழுதிப் போட்டர்றேன். இங்க கம்பெனிலயும் வேலைய விடறேன்னு பேப்பர் போட்டர்றேன்.”

“அவசரப்படாத கண்ணு.”

“நீங்கதானுங்க தைரியமே.”

மத்தியானம் இரண்டு. மூன்று. நான்கு. சென்னியப்பன் இன்று பாட்டுக் கேட்கவில்லை. வீடு அப்படியே இருந்தது.


ஜூன் 20, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. கா. 9.10.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இப்போதுதான் சரவணம்பட்டியிலிருந்து திரும்பினேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய் ஹாஸ்டல் வாசலில் நின்றேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து சல்யூட் வைத்தார், பெரிய அதிகாரி என்று நினைத்திருப்பார். நி. தலை துவட்டிக்கொண்டே ஓடி வந்தாள். சென்னியப்பன் என்று யாருமில்லை அம்மணி, அந்த ஃபோன் என்னுடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இடுப்பில் கை வைத்து ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “அட மாமா, அப்ப மொதல் கஸ்டமர் நீங்கதானுங்களா!” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் எதிரிலேயே பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பினாள். நாளைக்குப் பெட்டியோடு மாடிக்கு வருகிறாள். பூரிக் கிழங்கு வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

9.25.

மேலே இருப்பது நடக்கவில்லை. நான் எங்கும் போகவில்லை. விடிந்ததிலிருந்து சமையலறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கிளம்புவதற்கென்று சட்டை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

உடுமலைக்கும் போகவில்லை. சனிக்கிழமை போத்தனூர் ஸ்டேஷன் வரை போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வண்டி போயிற்று. திரும்பி வந்து என் பழைய ஃபோனில் செயலியைப் போட்டேன். அது அடுப்பு மேடையில் இருக்கிறது.

நி. சொன்ன இரண்டாவது டம்ளர் கணக்கில் பார்த்தால், அதில் தப்பில்லை என்றுகூட இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர்தானே பொய், கேட்டது பொய்யில்லையே, அறுபத்திரண்டு வயது ஆள் ஒருவன் தினமும் நாலு மணி நேரம் கேட்டானே என்று. இதைச் சொன்னால் அவளும் ஒத்துக்கொள்வாள். மாடியில் மேசை வரும்.

ஆனால் நான் பாட்டுக் கேட்கவில்லை. ஒரு பாட்டு கூட நினைவில்லை. எதைத் தள்ளினேன், எது முழுசாக ஓடியது, ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மணி ஆனதும் பாட்டு நின்று நி.யின் குரல் கேட்கும், கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்று. அந்த நேரத்துக்கு மேடைப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வேன். ஆமாம் என்று அமுக்குவேன். மூன்று, நான்கு, ஐந்து. அவ்வளவுதான். அந்த மூன்று தடவைக்காக ஒரு பெண் இருக்கிற வேலையையும் வருகிற வேலையையும் விடப் போகிறாள்.

அவள் போய்விட்டால் இந்த வீட்டுக்கு யாரும் வரப் போவதில்லை. அதுவும் தெரியும்.

9.50.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அனுப்பிப்போட்டியா கண்ணு?”

“இல்லீங்க மாமா. டைப் பண்ணி வெச்சிருக்கறேன், ஒருக்காப் படிச்சுப்போட்டு அனுப்போணும். ஏனுங்க?”

“அனுப்பாத. உடுமலைக்காரர்னு ஒருத்தரும் இல்லீங்க அம்மணி. அது நான் கட்டுன கதை. அமுக்குனது நான்தான், பாட்டக் கேக்கல.”